டாக்சின்ஸ் லேப் குண்டு: டேங்க் சிதறுகிறது, ஆனால் ஒரு கட்டம் தாண்டுவதில்லை. கலவையில் எது தப்பு?

ஊதாப்புகை கேட்டது:

ஸ்பேஸ் ஸ்டேஷன் 13 (விண்வெளி நிலையத்தில் பலர் சேர்ந்து ஆடும் கணினி விளையாட்டு), டிஜி என்ற பொதுக் கோடிலிருந்து பிரிந்த சர்வர். சயின்ஸ் பிரிவில் டாக்சின்ஸ் லேப் (வாயுக் குண்டு செய்யும் இடம்; புதிய மேப்களில் ஆர்ட்னன்ஸ் என்று போட்டிருக்கும்). இரண்டு விதமாகச் செய்து பார்த்தாயிற்று, இரண்டுமே உருப்படவில்லை.

முதல் விதம்: மிக்சரில் பிளாஸ்மா பாதி, ஆக்சிஜன் பாதி. எரியறைக்குள் விட்டு இக்னைட்டர் தட்டி, தீ தானாக அணையும் வரை காத்திருந்து, மிஞ்சிய சூடான வாயுவை கேனிஸ்டரில் பிடித்து டேங்கில் நிரப்பினேன். இன்னொரு டேங்கில் குளிர்ந்த ஆக்சிஜன். இரண்டு டேங்கையும் இணைக்கும் டிரான்ஸ்ஃபர் வால்வைத் திறந்தால் ஒன்றுமே நடப்பதில்லை. அனலைசரில் அழுத்தம் 11 அட்மாஸ்பியர் அளவில் அப்படியே நிற்கிறது.

இரண்டாம் விதம்: இந்தத் தடவை சூடான டேங்கில் சுத்தமான பிளாஸ்மா, 1500 கெல்வின். ஃப்ரீசரின் லேசர்களை மேம்படுத்தி ஆக்சிஜனை 40 கெல்வினுக்கு இறக்கினேன். அந்தக் குளிரில் கேனிஸ்டர் அழுத்தம் போதாததால் இரண்டு கேனிஸ்டர் ஆக்சிஜனை ஒன்றில் ஏற்ற வேண்டியிருந்தது. இரண்டு டேங்கும் 1013 கிலோபாஸ்கல். வால்வு திறந்ததும் டேங்க் சிதறுகிறது, ஆனால் டாப்ளர் (வெடிப்பின் வீச்சைக் கட்டங்களில், அதாவது தரைச் சதுரங்களில், அளக்கும் கருவி) காட்டுவது 0, 0, 1.

ஆக்சிஜன் எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். இன்னும் குளிர்விக்க வேண்டுமா?

---

நீலவால்வு:

இன்னும் குளிர்விக்காதீர்கள். 40 கெல்வினே உங்கள் குண்டை அணைத்துவிட்டது. கணக்கைப் போட்டால் தெரியும், இதற்குக் கால்குலேட்டர் ஒன்று போதும்.

டேங்கின் கொள்ளளவு 70 லிட்டர். கேனிஸ்டர் வால்வு அதிகபட்சம் 1013.25 கிலோபாஸ்கலுக்குத்தான் நிரப்பும். வாயு மாறிலி 8.31. அழுத்தத்தைக் கொள்ளளவால் பெருக்கி மாறிலியால் வகுத்தால் 8535 வருகிறது. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 8535ஐ வெப்பநிலையால் வகுத்தால் டேங்கில் எத்தனை மோல் என்று கிடைத்துவிடும். 1500 கெல்வினில் 5.69 மோல், 40 கெல்வினில் 213 மோல்.

அடுத்தது வெப்பக் கொள்ளளவு. மோலுக்குப் பிளாஸ்மா 200, ஆக்சிஜன் 20, கார்பன் டைஆக்சைடு 30. டேங்கில் இருக்கும் மொத்த வெப்பம் மோல், வெப்பநிலை, வெப்பக் கொள்ளளவு மூன்றின் பெருக்கல். மோலும் வெப்பநிலையும் பெருகினால் எப்போதும் அதே 8535தான். அதனால் பிளாஸ்மா டேங்கில் 17.07 லட்சம் ஜூல், ஆக்சிஜன் டேங்கில் 1.71 லட்சம் ஜூல். நீங்கள் எவ்வளவு சூடாக்கினாலும் எவ்வளவு குளிர்வித்தாலும் கூட்டுத்தொகை 18.78 லட்சம்தான். வெப்பநிலையை மாற்றும்போது வெப்பம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. டேங்கில் எத்தனை மோல் அடைபடுகிறது என்பதுதான் மாறுகிறது.

இப்போது உங்கள் குண்டு. பிளாஸ்மா 5.69 மோல், அதன் வெப்பக் கொள்ளளவு 1138. ஆக்சிஜன் 213 மோல், கொள்ளளவு 4267. இரண்டும் சேர்ந்து 5405. 18.78 லட்சத்தை இதனால் வகுத்தால் 347 கெல்வின். பிளாஸ்மா தீப்பிடிக்கக் குறைந்தபட்சம் 373.15 வேண்டும். ஆகவே உங்கள் குண்டுக்குள் தீயே பிடிக்கவில்லை. 140 லிட்டருக்குள் 219 மோல் 347 கெல்வினில் இருந்தால் அழுத்தம் 44.5 அட்மாஸ்பியர். டேங்க் சிதறும் எல்லை 40. சிதறல் வீச்சு, எல்லையைத் தாண்டிய அழுத்தத்தை 6 அட்மாஸ்பியரால் வகுத்தது. 4.5ஐ 6ஆல் வகுத்தால் முக்கால், முழுமையாக்கினால் 1. டாப்ளர் காட்டிய 0, 0, 1 இதுதான். லேசான சேத வட்டம் முழு வீச்சு, கடும் சேத வட்டம் அதில் பாதி, பேரழிவு வட்டம் கால்வாசி. வெறும் காற்றழுத்தத்தில் வெடித்த பலூன் அது.

1500 கெல்வின் பிளாஸ்மாவோடு சேரும் ஆக்சிஜன் 44 கெல்வினுக்குக் கீழே போனால் தீ பிடிக்காது. 44க்கு மேலே என்ன ஆகும் என்பதற்குக் கையால் கணக்குப் போட்டிருக்கிறேன். எடுத்துக்கொண்ட மாறிலிகள்: பிளாஸ்மா எரிவேக வகுத்தி 9, ஒரு மோல் பிளாஸ்மா எரிந்தால் 30 லட்சம் ஜூல், சிதறும் எல்லை 40 அட்மாஸ்பியர், சிதறும் கணத்தில் மூன்று கூடுதல் வினைச் சுற்று (விளையாட்டு வாயு வினையைக் கணக்கிடும் ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்று).

60 கெல்வின் ஆக்சிஜன்: கலவை 471 கெல்வின், வீச்சு சுமார் 4 கட்டம்.
80 கெல்வின்: கலவை 574, வீச்சு சுமார் 7.
120 கெல்வின்: கலவை 733, வீச்சு சுமார் 12.
150 முதல் 200 வரை: வீச்சு 13 அளவில் நிற்கிறது.
அறை வெப்பநிலை, 293: கலவை 1091, ஆனால் வீச்சு மறுபடி 8க்கு இறங்குகிறது.

ஏன் இப்படி? எரிவேகம் கலவையின் வெப்பநிலையைப் பொறுத்தது. 373ல் பூஜ்யம், 1643 கெல்வினில் முழு வேகம். ஆக்சிஜன் ரொம்பக் குளிர்ந்தால் கலவை குளிர்ந்து, தீ சூடுபிடிப்பதற்குள் டேங்க் சிதறிவிடும். மீதிப் பிளாஸ்மா எரியாமலே வெளியே போகும். ஆக்சிஜன் ரொம்பச் சூடாக இருந்தாலோ மோல் எண்ணிக்கை போதாது. முழு வேகத்தில் எரிய ஆக்சிஜன் பிளாஸ்மாவைப் போல 10 மடங்கு வேண்டும். 1500 கெல்வின் பிளாஸ்மாவுக்கு அது 57 மோல். 8535ஐ 57ஆல் வகுத்துப் பாருங்கள், 150 கெல்வின் என்று வரும். மேலே உள்ள வரிசையின் உச்சி அங்கே இருப்பது தற்செயல் இல்லை.

150 கெல்வினுக்கு லேசர் மேம்பாடும் வேண்டாம், இரண்டு கேனிஸ்டரும் வேண்டாம். முழு ஆக்சிஜன் கேனிஸ்டர் 45 அட்மாஸ்பியரில் வரும். 150க்கு இறக்கினால் 2300 கிலோபாஸ்கலுக்குப் பக்கத்தில் நிற்கும், குழாயில் கொஞ்சம் போனாலும் டேங்க் நிரப்ப ஏராளம்.

எல்லை எண்கள் சர்வருக்குச் சர்வர் மாறும். பழைய கோடுகளில் சிதறும் எல்லை 50, வகுக்கும் எண் 10. உங்கள் சர்வரின் கோடைத் திறந்து பார்த்துவிட்டு இதே கணக்கைப் போடுங்கள்.

---

எரியறை:

மேலே உள்ளது இரண்டாம் விதத்துக்கான பதில். முதல் விதத்தில் தப்பு எரியறையிலேயே நடந்துவிட்டது.

பாதிக்குப் பாதி விட்டால் பிளாஸ்மா முழுக்கத் தீர்ந்துபோகும். ஒரு மோல் பிளாஸ்மா எரிய 1.4 மோல் ஆக்சிஜன் என்பது தீ இளஞ்சூட்டில் இருக்கும்போதுதான். சூடு ஏற ஏற அது 0.4 வரை குறையும். அதனால் கடைசியில் மிஞ்சுவது ஆக்சிஜனும் கார்பன் டைஆக்சைடும். அதைத்தான் நீங்க சூடான பிளாஸ்மான்னு நினைச்சு டேங்கில் நிரப்பியிருக்கீங்க. எரிபொருளே இல்லாத குண்டு எப்படி வெடிக்கும்? கேனிஸ்டரில் பிடிச்சதும் அனலைசர் வைங்க. வெப்பநிலையை மட்டும் பார்க்காதீங்க, பிளாஸ்மா சதவீதத்தைப் பாருங்க.

சூடு ஏத்தத் தேவையான ஆக்சிஜன் ரொம்பக் குறைவு. ஒரு மோல் பிளாஸ்மாவை 1200 கெல்வின் சூடேத்த 2.4 லட்சம் ஜூல். ஒரு மோல் எரிஞ்சா 30 லட்சம். அப்போ ஒரு மோல் எரிஞ்சா பன்னிரண்டரை மோலைச் சூடாக்கலாம். மிக்சரில் பிளாஸ்மா 90, ஆக்சிஜன் 10 வைங்க, போதும்.

வரிசை இப்படி:

1. தொடங்கும் முன்னாடி எரியறையின் விண்வெளிக் கதவைத் திறந்து பழைய வாயுவை வெளியேத்துங்க. கதவு மூடினப்புறம் அனலைசரில் பூஜ்யம் காட்டணும். நைட்ரஜன் மிச்சமிருந்தா அது சும்மா வெப்பத்தைக் குடிக்கும்.

2. கலவையை விட்டு, உள்ளே விடும் பம்பை நிறுத்தின பிறகு இக்னைட்டர். பம்ப் ஓடிக்கிட்டே இருந்தா குளிர்ந்த கலவை போய்ச்சேர்ந்துக்கிட்டே இருக்கும், வெப்பநிலை ஏறாது.

3. பொறுமை வேணும். பிளாஸ்மா மிகுந்த கலவையில் எரிவேகத்தை ஆக்சிஜன்தான் தீர்மானிக்கும், ஆக்சிஜன் குறையக் குறைய தீ மெதுவாகும். ஆக்சிஜன் முழுசாத் தீரும்வரை காத்திருக்க வேண்டாம். 1500 கெல்வின் தொட்டதும் உறிஞ்ச ஆரம்பிங்க.

4. உறிஞ்சும் குழாயில் ஃபில்டர் போட்டு பிளாஸ்மாவை மட்டும் கேனிஸ்டருக்கு விடுங்க. மத்ததெல்லாம் கழிவுக்குப் போகட்டும். இந்தப் படியைத் தவிர்க்கிறவங்கதான் ரொம்பப் பேர். ஃபில்டர் இல்லாமப் பிடிச்சா மிச்ச ஆக்சிஜனும் கூடவே வரும். குழாய்க்குள்ளேயும் கேனிஸ்டருக்குள்ளேயும் வினை நிக்காது, எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். டேங்கில் நிரப்பி மேசைமேல வச்சிட்டுத் திரும்பினா அழுத்தம் ஏறியிருக்கும்.

5. கேனிஸ்டர் 1000 லிட்டர். 1500 கெல்வினில் 1013 கிலோபாஸ்கல் வர 81 மோல் வேணும், டேங்குக்குப் போற 6 மோல் தனி. இதைவிடக் குறைவாப் பிடிச்சிருந்தா டேங்க் அரைகுறையாத்தான் நிரம்பும், மேலே உள்ள கணக்கெல்லாம் தப்பிடும். வால்யூம் பம்ப் வச்சு ஏத்துங்க. சாதாரண பம்ப் 4500 கிலோபாஸ்கலில் நிக்கும்னாலும் சூடான மெல்லிய வாயுவை நகர்த்த ரொம்ப நேரம் எடுக்கும்.

கேனிஸ்டரும் டேங்கும் சுத்தியிருக்கும் காத்தோட வெப்பம் பரிமாறிக்கொள்ளாது. அதனால் அவசரப்பட வேண்டாம், சூடு ஆறிடாது.

---

குளிர்குழாய்:

நீலவால்வு சொன்ன கணக்கில் ஒரு சந்தேகம். இரண்டு டேங்கில் ஒன்று சூடு, ஒன்று குளிர் என்றால் போதும்தானே? ஆக்சிஜனைச் சூடாக்கி பிளாஸ்மாவைக் குளிர்வித்தால் எரிபொருள் அல்லவா அதிகமாக அடைபடும்? எரியறையே வேண்டாம், ஹீட்டரும் ஃப்ரீசரும் போதும்.

---

நீலவால்வு:

கூட்டுத்தொகை அப்போதும் அதே 18.78 லட்சம். ஆனால் 80 கெல்வின் பிளாஸ்மா 106.7 மோல், அதன் கொள்ளளவு மட்டும் 21,340. 1500 கெல்வின் ஆக்சிஜனின் கொள்ளளவு அதன் பக்கத்தில் 114தான். கலவை 87.5 கெல்வினில் வந்து நிற்கும். பிளாஸ்மா வெப்பத்தைச் சுமக்கும் வாயு. அதனால் அது எப்போதும் சூடான பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

ஹீட்டரைப் பற்றி: சாதாரண ஹீட்டரால் பிளாஸ்மாவை 500 கெல்வினுக்கு ஏற்றினாலும் டேங்கில் 17 மோல், கொள்ளளவு 3414. 80 கெல்வின் ஆக்சிஜனோடு சேர்ந்தால் 338 கெல்வின். தீப்பிடிக்காது. 700 கெல்வின் என்றால் 410ல் தட்டுத்தடுமாறிப் பிடிக்கும், ஆனால் எரிவேகம் முழு வேகத்தில் 3 சதவீதம்கூட இல்லை. எரியறை தேவைப்படுவது இதனால்தான்.

---

அழுத்தமானி:

கலவை சரியாக வந்த பிறகும் பொருத்துவதிலும் பாதுகாப்பிலும் தப்பு நடக்கும். அதைச் சொல்லிவிடுகிறேன்.

சிக்னலரை (தொலைவிலிருந்து வால்வைத் திறக்கும் கருவி) அப்படியே வால்வில் வைத்தால் ஒட்டாது. முதலில் ஸ்க்ரூடிரைவரால் தட்டி, இணைக்கத்தக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டும். வால்வில் சேர்ந்ததும் அதுவே இறுகிவிடும். சிக்னலர் வரும்போதே அலைவரிசை 145.7, குறியீடு 30 என்றுதான் இருக்கும். இதை மாற்றாமல் விட்டால் நிலையத்தில் வேறு யாராவது தங்கள் சிக்னலரைச் சோதிக்கும்போது உங்கள் கையிலிருக்கும் வால்வு திறந்துகொள்ளும். அலைவரிசை, குறியீடு இரண்டையும் மாற்றுங்கள். மாற்றி முடித்த பிறகுதான் டேங்குகளைப் பொருத்த வேண்டும். இந்த வரிசை முக்கியம்.

வால்வு திறந்த பிறகு மூடினால் வாயு திரும்பிப் பழைய டேங்குக்குப் போகும், ஆனால் கலந்தது கலந்ததுதான். சோதித்துப் பார்க்கலாம் என்று லேபில் ஒரு நொடி திறந்து மூடக் கூடாது.

மாஸ் டிரைவர் (குண்டைச் சோதனைத் தளத்துக்கு எறியும் கருவி) அறையில் குண்டு டிரைவர் இருக்கும் கட்டத்திலேயே இருக்க வேண்டும், பக்கத்துக் கட்டத்தில் வைத்தால் கதவு திறந்து வெற்றிடம்தான் உள்ளே வரும். டாப்ளர் கருவி சோதனைத் தளத்தின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். வேறு திசை பார்த்தால் வெடிப்பு பதிவாகாது, செய்த குண்டு வீண். பல சர்வர்களில் உண்மையான சேதத்துக்கு 3, 7, 14 என்று உச்சவரம்பு இருக்கும். அதைத் தாண்டிய கணக்கு வீச்சையும் டாப்ளர் காட்டும், அதைப் பார்த்துத்தான் கலவை முன்னேறியதா என்று தெரிந்துகொள்ள முடியும்.

உடைக்கு: எரியறையைத் தொடும் வேலைக்குத் தீயணைப்பு உடை, வாயு முகமூடி, இன்டர்னல்ஸ் (முகமூடி வழியாக மூச்சுக் காற்று தரும் டேங்க்). மூச்சுக்குக் குறைந்தது 16 கிலோபாஸ்கல் ஆக்சிஜன் வேண்டும். முகமூடியை மாட்டிவிட்டு டேங்கைத் திறக்க மறப்பவர்கள் உண்டு, திரையில் இன்டர்னல்ஸ் சின்னம் எரிகிறதா என்று பாருங்கள். பிளாஸ்மா ஊதாப் படலமாகக் கண்ணுக்குத் தெரியும் என்று நம்பி முகமூடி இல்லாமல் நிற்காதீர்கள். கட்டத்தில் கொஞ்சமாக இருக்கும்போது படலம் தெரியாது, நச்சு மட்டும் ஏறும்.

கசிந்துவிட்டால் முதலில் கதவைத் திறந்து ஓடத் தோன்றும். அது பிளாஸ்மாவை நடைபாதைக்கு அழைத்துப் போகும், அங்கே ஒரு வெல்டர் பொறி போதும். அறையின் ஏர் அலாரத்தில் பேனிக் சைஃபன் போடுங்கள், ஸ்க்ரப்பர் அறைக் காற்று முழுவதையும் இழுத்துவிடும். நீங்கள் இன்டர்னல்ஸில் இருந்தால் வெற்றிடம் ஆவதற்குள் வெளியேற நேரம் இருக்கும். அழுத்தம் 20 கிலோபாஸ்கலுக்குக் கீழே போனால் உடலுக்குச் சேதம், அதேபோல் 550க்கு மேலே போனாலும் சேதம்.

எரியறையின் கண்ணாடி பிளாஸ்மா கண்ணாடியா என்று ஷிஃப்ட் தொடக்கத்திலேயே பாருங்கள். யாரோ உடைத்துச் சாதாரணக் கண்ணாடி மாட்டியிருந்தால் தீயின் சூட்டிலேயே அது உடைந்துபோகும்.

---

ஊதாப்புகை:

எல்லாருக்கும் நன்றி. 8535 கணக்கு தெளிவாகிவிட்டது. பிளாஸ்மாவை 1500க்கு மேலே, 3000 வரை ஏற்றினால் இன்னும் பலன் உண்டா? டிரிட்டியம் கிடைத்தால் பிளாஸ்மாவுக்குப் பதிலாக அதையே சூடான டேங்கில் வைக்கலாமா?

---

நீலவால்வு:

3000 கெல்வினில் டேங்கில் 2.85 மோல் பிளாஸ்மாதான் இருக்கும். முழு வேகத்தில்கூட ஒவ்வொரு சுற்றிலும் எரிவது இருக்கும் பிளாஸ்மாவில் ஒன்பதில் ஒரு பங்கு என்பதால் எரிபொருள் பாதியானால் ஒரு சுற்றில் வரும் வெப்பமும் பாதி. கலவை சூடாக இருப்பதால் கிடைக்கும் லாபத்தை இது தின்றுவிடும். எரியறையில் அதற்காக நேரம் செலவழிக்க வேண்டாம், 1500க்கும் 2000க்கும் நடுவில் எடுத்துவிடுங்கள்.

டிரிட்டியத்தை மட்டும் வைத்தால் குண்டு எரியாது. அதன் வெப்பக் கொள்ளளவு மோலுக்கு 10தான். டேங்க் முழுக்க டிரிட்டியம் என்றால் வெப்பம் 85 ஆயிரம் ஜூல், பிளாஸ்மா டேங்கில் இருந்ததில் இருபதில் ஒரு பங்கு. 150 கெல்வின் ஆக்சிஜனோடு சேர்த்தால் கலவை 214 கெல்வின். சூடான டேங்கில் பிளாஸ்மாவும் டிரிட்டியமும் சரிபாதி மோல் வைத்துப் பாருங்கள். 1500 கெல்வினில் இரண்டும் தலா 2.85 மோல், கலவை 615 கெல்வின், தீப்பிடிக்கிறது. பிளாஸ்மா வெப்பத்தைக் கொண்டுவரும், டிரிட்டியம் எரியும். ஆக்சிஜன் டிரிட்டியத்தைவிடக் கூடுதலாக இருந்தால்தான் அது வேகமாக எரியும். குளிர்ந்த டேங்கில் 57 மோல் இருப்பதால் அந்தக் கவலை இல்லை.

டிரிட்டியம் செய்ய அதே எரியறைதான், விகிதம் மட்டும் தலைகீழ். பிளாஸ்மாவைப் போல 96 மடங்குக்கு மேல் ஆக்சிஜன் இருந்தால் கார்பன் டைஆக்சைடுக்குப் பதில் டிரிட்டியம் வரும். அறையை முதலில் ஆக்சிஜனால் நிரப்பிவிட்டு பிளாஸ்மாவைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வந்த டிரிட்டியம் அதே தீயில் எரிந்து நீராவியாகிக் கதிர்வீச்சைக் கொடுக்கும் என்பதால் ஃபில்டர் வழியாக உடனுக்குடன் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம், கட்டுப்பாட்டை அமைத்துவிட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விடுங்கள்.